வலிக்கு ஒரு தவணை

சென்ற மார்கழியில் ஒருநாள் விடியற்காலையில், வாசலில் கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்த என் தமக்கையார், தலையைப் பின்னிக்கொள்வதற்காக இரு கைகளையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோக முயன்றபோது, இடக்கை வழக்கம்போல் போய்ச் சேர்ந்தது. வலக்கையோ காது வரைகூட எழும்பாமல் நடுவழியில் நின்றுவிட்டது. நான்கு மாதங்களாகவே அந்தத் தோளில் வலி இருந்ததென்பதும், பரண்மேல் இருக்கும் டப்பாவை எடுப்பதற்குப் பேத்தியைக் கூப்பிடுவதும், இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருப்பதும் அவருக்கு வாடிக்கையாகிவிட்டதென்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. 'வாயுப் பிடிப்பு' என்று தாமே தீர்மானித்துக்கொண்டு, தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பக்கத்து வீட்டார் சொன்ன மாத்திரையையும் விழுங்கிப் பார்த்து, ஒன்றும் பலிக்காமல் போன பிறகே எலும்பு மருத்துவரிடம் வர இசைந்தார்.

மருத்துவர் அவருடைய கையை அவரையே தூக்கச் சொன்னார். பிறகு தாமே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விதத்திலும் அது ஒரே இடத்தில்தான் நின்றது. "இதுதாம்மா அடையாளம். தசை மட்டும் பழுதானால் நான் தூக்கினால் கை வரும். இது மூட்டைச் சுற்றியிருக்கிற உறையே இறுகிப்போனது. 'உறைந்த தோள்' என்பார்கள். உள்ளே ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம்" என்றார்.

ஸ்டீராய்டு என்ற சொல் காதில் விழுந்ததும் தமக்கையாரின் முகம் மாறிற்று.

"அது மட்டும் வேண்டாம் டாக்டர். எங்க வீட்டுக்காரர் தங்கைக்கு அதைக் கொடுத்துத்தான் முகமெல்லாம் ஊதிப்போச்சு."

"சரி, இதுக்கு முன்னாடி எங்கேயாவது ஊசி போட்டிருக்கீங்களா?"

"போன வருஷம் குதிகால்ல ரெண்டு ஊசி போட்டாங்க. மறுவாரமே நல்லா நடந்தேன்."

"என்ன மருந்துன்னு தெரியுமா?"

"தெரியாதே டாக்டர். கேட்டா அவங்களுக்குக் கோபம் வந்துடுமோன்னு கேட்கலை."

"அதுவும் பெரும்பாலும் இதே மருந்தாகத்தான் இருந்திருக்கும், அம்மா" என்றார் மருத்துவர்.

பெயரைச் சொன்னால் நடுங்குவதும், பெயரைச் சொல்லாமல் போட்டால் மகிழ்ந்து நடப்பதுமான இந்த விசித்திரம் என் தமக்கையார் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இந்த மருந்தை விஷமென்று ஒதுக்குவோரும், வலி வந்தபோதெல்லாம் 'ஒரு ஊசி போட்டுவிடுங்கள்' என்று கையை நீட்டுவோரும் ஒரே வீட்டில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதை நாம் காண்கிறோம். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி நோயைத் தீர்ப்பதில்லை. நோயிடமிருந்து நமக்கு ஒரு தவணை வாங்கித் தருகிறது. அந்தத் தவணை சில நாளா, சில மாதமா என்பது நோயைப் பொறுத்தது. அந்தக் காலத்துக்குள் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே ஊசியின் பிரயோஜனம் அமைகிறது.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் பந்தயத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த கனடா நாட்டு பென் ஜான்சனின் தங்கப் பதக்கத்தைப் பறித்ததும் ஸ்டீராய்டுதான். ஆனால் அது தசையை வளர்க்கும் வேறொரு வகை. மூட்டில் போடப்படுவது, நமது இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் குல்லாய் கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணியிலே நாள்தோறும் நமக்குத் தெரியாமலே ஊறிக்கொண்டிருக்கும் கார்ட்டிசால் என்ற சத்தின் இனத்தைச் சேர்ந்தது. விடியற்காலையில் மிகுந்தும் நள்ளிரவில் குறைந்தும் சுரக்கும் அந்தச் சத்து அறவே நின்றுபோனால் மனிதன் உயிர்வாழ இயலாது. ஆகவே அந்நியமானதொரு விஷம் சரீரத்துக்குள் புகுத்தப்படுகிறது என்ற அச்சத்துக்கு இடமில்லை. அளவும் இடமும் காலமுமே இங்கே கவனிக்கத்தக்கவை.

இம்மருந்து மனிதர் கைக்கு வந்த கதை ஒரு மஞ்சள் காமாலையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்னும் ஊரிலுள்ள மேயோ கிளினிக்கில் பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்ற மருத்துவரிடம், 1929-ஆம் ஆண்டில், முடக்குவாதத்தால் அவதியுற்ற நோயாளி ஒருவர், தமக்குக் காமாலை கண்டதிலிருந்து மூட்டு வலி ஆச்சரியப்படும்படி தணிந்துவிட்டதாகக் கூறினார். காமாலையால் நன்மை விளைந்ததென்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போவதே உலக இயல்பு. ஹென்ச் அவ்வாறு போகவில்லை. வேறு நோயாளிகளிடமும் அதையே கண்டார். முடக்குவாதமுற்ற பெண்கள் கர்ப்பமுற்ற காலத்தில் வலி நீங்கி நடமாடுவதையும் கண்டார். காமாலையிலும் கர்ப்பத்திலும் சரீரத்தில் மிகுவதான ஏதோவொரு பொருளுக்கு இந்த வலியை அடக்கும் சக்தி இருக்க வேண்டும் என்று ஊகித்து, அது இன்னதென்று தெரியாத நிலையிலேயே பல ஆண்டுகள் அதைத் தேடினார்.

அதே கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் என்ற ரசாயன சாஸ்திரி, கசாப்புக் கூடங்களிலிருந்து வந்த மாட்டுச் சுரப்பிகளை மலைமலையாக அரைத்துப் பிழிந்து, அவற்றின் புறணியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு ஆங்கில எழுத்துகளையே பெயராகச் சூட்டிக்கொண்டிருந்தார். அவற்றுள் 'ஈ' என்ற பொருளை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருவரும் பேசி, 1941 ஜனவரியில் ஹென்ச் அதைத் தம் குறிப்பில் எழுதி வைத்தார். எழுதியதை நிறைவேற்ற ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று; ஏனெனில் கொடுப்பதற்குப் பொருள் இல்லை. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் என்ற இளைஞர், மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைச் செயற்கையாகச் சமைக்கும் வழியைக் கண்ட பிறகே சில கிராம்கள் கிடைத்தன. 1948 செப்டம்பர் 21-ஆம் நாள், படுக்கையை விட்டு எழ முடியாமலிருந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்கு அது முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தப்பட்டது. மூன்று நான்கு நாள்களில் அவள் எழுந்து நடந்தாள். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாள். கார்ட்டிசோன் என்று பெயரிடப்பட்ட அம்மருந்துக்காக ஹென்ச்சும், கெண்டலும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தனியே அதே வழியில் உழைத்த டேடியஸ் ரைக்ஸ்டைனும் 1950-ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். முதல் ஊசிக்கும் பரிசுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள்!

கிராம் ஒன்று 200 டாலர் விற்ற அந்த மருந்து சாமானியருக்கு எட்டியதற்கு ஒரு கிழங்கும் ஒரு பூசணமும் காரணம். மெக்சிகோ நாட்டுக் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த பொருளை, ரொட்டியில் படரும் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்றைக் கொண்டு மாற்றியமைக்கும் உபாயத்தை அப்ஜான் நிறுவனத்தார் 1952-இல் வெளியிட்டார்கள். விலை மளமளவென்று சரிந்தது.

ஆனால் அதற்குள்ளாகவே மகிழ்ச்சியின் மறுபக்கம் தெரியத் தொடங்கியிருந்தது. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பி வந்தது. நிறுத்தாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் முகம் பூரண சந்திரனைப்போல் உருண்டது, தோல் மெலிந்தது, எலும்பு பலமிழந்தது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறின. என் தமக்கையார் தம் நாத்தனாரிடம் கண்டது இதைத்தான். உடம்பு முழுவதும் பரவுவதால் அல்லவா இந்த உபத்திரவங்கள்? வலிக்கும் மூட்டுக்குள்ளேயே சிறிதளவு வைத்துவிட்டால் என்ன? இந்த எண்ணம் பலருக்கும் தோன்றிற்று. கார்ட்டிசோனை அவ்விதம் வைத்துப் பார்த்ததில் பலன் சொற்பமே. ஏனெனில் அது கல்லீரலுக்குச் சென்று ஹைட்ரோகார்ட்டிசோனாக மாறினாலன்றி வேலை செய்யாது, மூட்டுக்குள் கல்லீரல் ஏது? மாறிய பொருளையே நேராகச் செலுத்தலாமென்று கண்டு, பிலடெல்பியா நகரத்து ஜோசப் ஹாலண்டரும் அவருடைய தோழர்களும் 1951-இல் அந்த அனுபவத்தை எழுதி வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் எலும்பு மருத்துவர்களும் வாத நோய் மருத்துவர்களும் போடும் ஊசிக்கு அதுவே மூலம்.

உள்ளே சென்ற மருந்து என்ன செய்கிறது? மூட்டின் உட்புறத்தில் மெல்லியதொரு சவ்வு விரிந்திருக்கிறது. அதுவே மூட்டுக்கு மசகு போன்ற நீரைச் சுரந்து கொடுப்பது. காயத்தாலோ, தேய்மானத்தாலோ, சரீரம் தன்னையே பகைத்துக்கொள்ளும் முடக்குவாதத்தாலோ அந்தச் சவ்வு சினங்கொள்ளும்போது அது தடித்துச் சிவந்து, அளவுக்கு மீறி நீரைக் கொட்டி, வலியை உண்டாக்கும் ரசாயனப் பொருள்களை ஓயாமல் உற்பத்தி செய்கிறது. இதையே அழற்சி என்கிறோம். ஸ்டீராய்டு அந்தச் சவ்வின் உயிரணுக்களுக்குள் நுழைந்து, அங்கே தனக்கென்று அமைந்த ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு உட்கருவரைக்கும் சென்று, அழற்சிப் பொருள்களைச் செய்யும்படி இடப்படும் உத்தரவை அங்கேயே அடக்கிவிடுகிறது. சாதாரண வலி மாத்திரை, உற்பத்தியாகும் பல பொருள்களில் ஒன்றிரண்டைத் தடுப்பதோடு நிற்கிறது. இதுவோ ஆலையின் மேலாளரையே போய்க் கண்டு பேசிவிடுகிறது. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்ப்பதில்லை; கிழிந்த தசைநாரைத் தைப்பதில்லை. சினத்தை ஆற்றுவது ஒன்றே அதன் தொழில். எங்கே அழற்சி இல்லையோ அங்கே அதற்கு வேலையும் இல்லை.

ஊசி போடப்படுவதை நான் அருகிலிருந்து பார்த்தேன். குப்பி மேசைமேல் இருந்தபோது, சுண்ணாம்பைக் கரைத்து வைத்த நீர் தெளிந்ததுபோல் அடியில் வெண்மையாய்ப் படிந்திருந்தது. மருத்துவர் அதைக் குலுக்கியதும் பாலாக மாறிற்று. ட்ரையாம்சினோலோன் என்ற மருந்து, 40 மில்லிகிராம். மூட்டுக்குப் போடுபவற்றுள் பல இவ்விதம் நீரில் எளிதில் கரையாத நுண்பொடிகளாகவே செய்யப்படுகின்றன. போட்ட இடத்திலேயே தங்கி, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் கரைய வேண்டும் என்பதே அதன் உத்தேசம். அதனுடன் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னைக் கலந்தார். தமக்கையாரை முதுகு காட்டி உட்காரவைத்து, தோளின் பின்புறம் எலும்பு முனையைக் கட்டைவிரலால் தடவிக் கண்டு, அதற்கு ஒரு கட்டைவிரல் அகலம் கீழே நகத்தால் அழுத்தி அடையாளம் வைத்தார். மருந்து நீரால் மும்முறை துடைத்தார். துடைத்த இடத்தைப் பிறகு தொடவே இல்லை. இடக்கையின் ஒரு விரலைத் தோளின் முன்புறத்து எலும்பு மேட்டின்மேல் வைத்துக்கொண்டு, அந்த விரலையே குறியாக்கிப் பின்னாலிருந்து ஊசியைச் செலுத்தினார். உந்துதண்டு தடையின்றி இறங்கிற்று. "இப்படி லேசாகப் போனால்தான் மூட்டுக்குள் இருக்கிறோமென்று பொருள், முக்கிக்கொண்டு தள்ள வேண்டியிருந்தால் ஊசி தசைநாரில் இருக்கிறது, நிறுத்திவிட வேண்டும்" என்று எனக்குச் சொன்னார். சிலர் இதையே ஸ்கேன் கருவியின் திரையில் பார்த்துக்கொண்டு போடுகிறார்கள். முழங்காலில் நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சியெடுப்பார்கள். அது வைக்கோல் நிறத்தில் தெளிந்திருந்தால் சரி. கலங்கிச் சீழ்போல் வந்தால் ஊசியை அத்துடன் நிறுத்திவிட்டுச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அரை மணி நேரத்தில் தமக்கையாருக்கு வலி மாயமாய் மறைந்தது. மாலையில் திரும்பி வந்தது. இரவில் முன்னைவிட அதிகமாயிற்று. "காசும் போயிற்று, வலியும் போகவில்லை" என்று புலம்பினார். இந்த ஏற்ற இறக்கம் பலருக்கும் நேர்வதுதான். முதலில் கிடைத்த சுகம் லிக்னோகெய்னுடையது, சில மணி நேரமே நிற்பது. ஸ்டீராய்டின் வேலை இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள்தான் தெரியும். இடையிலே சிலருக்கு மருந்தின் பொடிகளே மூட்டை உறுத்தி ஓரிரு நாள் வலியை மிகுவிக்கின்றன. பனிக்கட்டி ஒத்தடத்தில் அது தணியும். ஆனால் மூன்றாம் நாளும் வலி ஏறிக்கொண்டே போய், காய்ச்சலும் கண்டு, மூட்டு சிவந்து கொதித்தால், அது உறுத்தலன்று. கிருமி புகுந்ததற்கு அடையாளம். ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றுக்கு நேரும் அபூர்வ விபத்துதான் அது என்றாலும், நேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இனி எந்த நோய்க்கு இந்தத் தவணை எவ்வளவு நீளம் என்று பார்ப்போம். மிக நல்ல பலன் கிடைப்பது, விரலை மடக்கினால் சிக்கிக்கொண்டு, நீட்டும்போது சொடுக்கென்று விடுபடும் நோய்க்கு. விரலை மடக்கும் தசைநார், உள்ளங்கையில் ஒரு சிறு வளையத்துக்குள் நுழைந்து போகிறது. கிணற்றுக் கயிற்றில் முடிச்சு விழுந்து ராட்டினத்தில் மாட்டிக்கொள்வதுபோல், அந்த நார் ஓரிடத்தில் தடித்து வளையத்தில் சிக்குகிறது. அவ்விடத்தில் போடும் ஓர் ஊசியே பலருக்குக் கத்தியை மிச்சப்படுத்திவிடுகிறது. கைக்குழந்தையை ஓயாமல் தூக்கும் தாய்மாருக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரத்தில் வரும் வலியும் இதே வகையைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வெய்ன் 1895-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் அந்த வியாதிக்கும் ஊசி நன்கு பலிக்கிறது. இரவில் கை மரத்து, எழுந்து உதறிக்கொண்டு உட்காரச் செய்யும் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்குச் சில மாத நிம்மதி கிடைக்கும்; கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கிவிட்டால் ஊசியை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

முழங்கால் தேய்மானத்துக்குத்தான் இந்த ஊசி மிகுதியாகப் போடப்படுகிறது. தவணை மிகக் குறுகியிருப்பதும் அங்கேதான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களே சுகம். ஆறு மாதத்துக்குப் பின் பார்த்தால் போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், 140 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு ஆண்டுகள் ட்ரையாம்சினோலோனும், மற்றவருக்கு வெறும் உப்பு நீரும் முழங்காலில் செலுத்தினார்கள். வலியில் இரு சாராருக்கும் பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை. ஆனால் மருந்து பெற்றவர்களின் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்திருந்தது. 2020-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் ஊசியையும் உடற்பயிற்சிச் சிகிச்சையையும் ஒப்பிட்டபோது, ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களே வலி குறைந்து நன்கு நடமாடினார்கள். இதனால் முழங்காலில் ஊசியே கூடாதென்று முடிவுகட்டிவிட வேண்டாம். திடீரென்று நீர் கோத்து வீங்கி, காலை ஊன்றவே முடியாதவருக்கு, பயிற்சியைத் தொடங்கும் அளவுக்கு வலியைத் தணித்துக் கொடுக்க அது உதவும். மாதச் சம்பளம்போல் தவறாமல் வாங்கிக்கொண்டிருப்பதே பிழை.

தவணைக்கு வட்டி கட்ட வேண்டிய இடமும் ஒன்றுண்டு. டென்னிஸ் மட்டையைக் கண்ணாலும் பாராத கொத்தனாருக்கும் சமையற்காரருக்கும் முழங்கையின் வெளிப்புறத்தில் வருவதை 'டென்னிஸ் முழங்கை' என்று சொல்கிறோம். ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆராய்ச்சியில், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் முதல் சில வாரம் எல்லாரினும் சுகமாக இருந்து, ஓராண்டுக்குள் அவர்களில் 54 சதவிகிதத்தினர் மீண்டும் வலியில் விழுந்தார்கள். வெறும் உப்பு நீர் ஊசி பெற்றவர்களில் அவ்வாறு விழுந்தவர் 12 சதவிகிதமே. அங்கே இருப்பது பெரும்பாலும் நைந்துபோன நார், அழற்சி குறைவு. ஆற்றுவதற்குச் சினமே இல்லாத இடத்தில் போட்ட மருந்து, நார் தன்னைத்தான் செப்பனிட்டுக்கொள்வதைத் தாமதப்படுத்துகிறது போலும். குதிகாலுக்கு மேலுள்ள பெரிய தசைநாரில் போடவே கூடாதென்பதும் இதனால்தான். அது அறுந்துபோகும் அபாயம் உண்டு. குதிகாலின் அடியில் மீண்டும் மீண்டும் போட்டால், மெத்தைபோல் நம்மைத் தாங்கும் கொழுப்பு கரைந்து, முன்பிருந்த வலிக்குப் பதிலாக மாறாத வலியொன்று வந்து சேரும். தோலுக்கு அருகில் போட்ட இடத்தில் நிறம் வெளுத்துக் குழி விழுவதும் உண்டு. நம்மவரின் மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரியும்.

நம் நாட்டில் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்ல வேண்டியது சர்க்கரையைப் பற்றி. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. உறைந்த தோள் நீரிழிவுக்காரருக்குப் பிறரைவிட மிகுதியாக வருவது. வந்தால் அதற்குப் போடும் ஊசியோ சர்க்கரையை ஏற்றுவது. மூட்டுக்குள் வைத்தாலும் ஒரு பங்கு ரத்தத்தில் கலக்கத்தான் செய்கிறது. தமக்கையாருக்கு வழக்கமாக வெறும் வயிற்றில் 130 அளவில் நிற்பது, மறுநாள் காலை 248 ஆயிற்று. நான்காம் நாள்தான் இறங்கத் தொடங்கிற்று. மருத்துவர் முன்கூட்டியே சொல்லி, தினமும் பார்க்கச் செய்திருந்தபடியால் நாங்கள் பதறவில்லை. சர்க்கரை முன்பே கட்டுக்கடங்காமல் இருப்பவர் அதை அடக்கிய பிறகே ஊசிக்கு வருவது உத்தமம். மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ளத் தீர்மானித்தவர் அதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள் அந்த மூட்டில் ஊசி போட்டுக்கொள்ளலாகாது. கிருமி தொற்றும் அபாயம் கூடுகிறது. தோலில் புண்ணோ, உடம்பில் காய்ச்சலோ இருக்கும்போதும் தள்ளிப்போட வேண்டும். ஒரே மூட்டில் இரண்டு ஊசிகளுக்கு இடையே மூன்று மாதமாவது இருப்பதும், ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேற்படாதிருப்பதும் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் வரம்புகள்.

மருந்தின் சுத்தம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு கொடிய உதாரணம் உண்டு. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சுத்தமற்ற முறையில் கலந்து நிரப்பப்பட்ட ஸ்டீராய்டுக் குப்பிகளில் பூசணம் புகுந்திருந்தது. அவை பல மாநிலங்களுக்குப் போய், முதுகெலும்பிலும் மூட்டிலும் செலுத்தப்பட்டு, 750 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 60 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரிய சட்டங்களும் பெரிய மருத்துவமனைகளும் உள்ள நாட்டிலேயே இவ்விதம் நேர்ந்ததென்றால், படித்த பட்டம் இன்னதென்று தெரியாதவர், சந்தை நாளில், சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, 'ஒரே ஊசியில் மூட்டு வலி போகும்' என்று முழங்காலை நீட்டச் சொல்வாரானால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே விவேகம்.

தமக்கையாரின் தோள் என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். ஐந்தாம் நாள் அவர் இரவு முழுதும் உறங்கினார். மறுநாளே பயிற்சி தொடங்கிற்று: சுவரின் எதிரே நின்று விரல்களால் எறும்பு ஊர்வதுபோல் மேலே மேலே ஏறுவது, எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டுவைப்பது, கதவின் மேலே மாட்டிய கப்பியில் கயிற்றை விட்டு, நல்ல கையால் இழுத்து நோயுற்ற கையைத் தூக்குவது. வலி இருந்தபோது இவற்றில் ஒன்றையும் அவர் செய்திருக்க மாட்டார். வலி போனபோது, "அதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று நிறுத்தப் பார்த்தார், பேத்திதான் விடவில்லை. பிரிட்டனில் 503 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஊசியுடன் கூடிய பயிற்சியையும், மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து விடுவிப்பதையும், துளை வழி அறுவையையும் ஒப்பிட்டு, ஓராண்டில் இவற்றுள் ஒன்றும் மற்றதைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மையுடையதன்று எனக் கண்டார்கள். அதாவது, ஓர் ஊசியும் ஒரு சுவரும் ஒரு கயிறும் அறுவைக்கூடத்துக்கு ஏறக்குறைய ஈடாக நிற்கக்கூடும், பயிற்சியைக் கைவிடாதவருக்கு. சித்திரை பிறந்தபோது கரிக்கோடு முதற்கோட்டுக்கு ஒரு முழத்துக்கு மேல் ஏறியிருந்தது. வைகாசியில் அவர் தாமே பின்னிக்கொண்டார், சற்றே கோணலாக.

அவருடைய சர்க்கரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஒரு வரி இருக்கிறது: மருந்தின் பெயர், 40 மில்லிகிராம், வலத்தோள், தேதி. குதிகாலில் போட்ட இரண்டு ஊசிகளுக்கு அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அவை என்னவென்று இனி ஒருவரும் சொல்ல இயலாது. மூட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் வாசகர்களே, என்ன மருந்து, எவ்வளவு, இதற்குப் பிறகு நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.